காப்பு கட்டிய வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, ஆள் மேல் சாமி வருவது, கனவில் வந்து சொல்வது, இந்தக் கதையெல்லாம் என்னிடம் வேகாது. எங்கள் தெருவில் யாராவது உடுக்கை அடித்துக் குறி சொல்ல வந்தால் முதல் ஆளாகச் சிரிப்பவள் நான்தான். என் வீட்டுக்காரர்கூட, "உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா ஊர்ல ஒரு பேயும் பொழப்பு நடத்த முடியாது மல்லிகா" என்பார். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பாவம், இவளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நீங்கள்தானே சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்து, டிராக்டர் மேல் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்டீர்கள்? நான்தான். பின்னால் பூ அலங்காரத்தில் இருப்பது எங்கள் ஊர் அம்மன். வண்டி எங்கள் நைனாவுடையது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

வாழ்க்கைப்பட்டது இங்கே பெரிய காஞ்சிபுரத்தில் என்றாலும் நான் பிறந்தது ஓரிக்கை தாண்டி, பாலாற்றங்கரை ஊரில். அந்த வண்டியை நைனா வாங்கும்போதே அது இன்னொருவர் ஓட்டித் தேய்த்தது. சாவி போட்டெல்லாம் கிளம்பாது, முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக் என்று ஒன்று பேருக்கு இருக்கும், பிடிக்காது. அதனால் நைனா வண்டியை எங்கே நிறுத்தினாலும் பின் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கி நடப்பார். அது உடைந்துபோன ஆட்டுக்கல்லின் குழவி. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வண்டிக்கு அடித்த சிவப்புப் பெயின்டையே அதன் தலையிலும் ஒரு பூச்சு பூசி வைத்திருந்தார். கல்யாணம் ஆன புதிதில் நான் பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதெல்லாம், எல்லைக்கல் பக்கத்தில் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, அந்தக் குழவியை முட்டுக் கொடுத்துவிட்டு, பீடி பிடித்தபடி எனக்காகக் காத்திருப்பார். கார் வைத்திருக்கிற வீட்டுப் பெண்களுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது, ஆமாம்.

ஆடி மாதம் எங்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். அன்று சாயங்காலம் அம்மனை டிரெய்லரில் ஏற்றி வீதி உலா கொண்டுவருவார்கள், அதை இழுக்கிற முறை எங்கள் வீட்டுடையது. முறை என்றால் சும்மா இல்லை, அந்த வீட்டுச் சொந்த வண்டிதான் இழுக்க வேண்டும், இரவல் வண்டி ஆகாது. நைனா இருந்தவரை எங்கள் சிவப்பு வண்டிதான் இழுத்தது. அவர் போன பிறகு வண்டி கொட்டாயில் படுத்துவிட்டது. வருடா வருடம் தர்மகர்த்தா, "இந்த ஒரு தடவ மட்டும்" என்று தன் பங்காளியின் புது நீல டிராக்டரைக் கொண்டுவந்து விடுவார். அப்படியே சில வருடம் ஓடிவிட்டது. போனதுக்கு முந்தின ஆடிக்கு முன்னால் ஊர்க்கூட்டத்தில் அவர் என் தம்பி ஏழுமலையைப் பார்த்து, "அந்தக் காயலான் கடை சாமான நம்பி அம்மன ஏத்த முடியுமாப்பா? முறைய இத்தோட மாத்திடலாம்" என்று சொல்லியிருக்கிறார். என் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து போய்த் தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கிவிட்டான். தாம்பூலம் வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் வண்டி கோயில் வாசலில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் முறை அந்தப் பங்காளி வீட்டுக்கு ஒரேயடியாகப் போய்விடும்.

வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்கிறான்.

"அக்கா, தாம்பூலம் வாங்கிட்டேன்."

"அடப்பாவி, எலி குட்டி போட்டுக்கினு கெடக்குது அந்த வண்டில! இன்னா தைரியத்துல வாங்கின?"

"நீ கீறன்னுதான்."

திட்டுவதற்கு வாயெடுத்தவள் மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அவன் விவசாயம் பார்க்கிறவன், ஆனால் அந்த வண்டியின் சத்தத்தை வைத்து எங்கே வலி என்று சொல்கிறவள் நான்தான், சின்ன வயதிலிருந்து நைனாவோடு அதன் மேலேயே கிடந்தவள். காலையில் சமைத்துப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஸ்கூட்டியில் ஊருக்குப் போவேன், சாயங்காலம் கை முழுக்க கிரீஸோடு திரும்புவேன். என் வீட்டுக்காரர் பட்டுக் கடையில் வேலை செய்கிறவர், நாளெல்லாம் புடவையைத் தொடுகிற கை, என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். சுளித்தால் சுளிக்கட்டும்.

பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊற வைத்து, தினம் ஹேண்டிலைப் போட்டு அசைத்துப் பார்ப்போம், அசையாது. ஏழுமலை தொங்குவான், நான் தொங்குவேன், இரண்டு பேரும் சேர்ந்து தொங்குவோம். ஒரு நாள் தம்பி பெண்டாட்டி மோர் கொண்டுவந்தவள், "இன்னா அண்ணி, ஊஞ்சல் ஆடறீங்களா" என்று சிரித்தாள், அவள் சிரித்த அந்த நிமிஷம் 'மடக்' என்று இளகியது பாருங்கள், மூன்று பேரும் கூத்தாடினோம். பிறகு ரிங் மாற்றினோம், ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைத்தோம், வயரெல்லாம் புதிதாக இழுத்தோம். பெயின்டுக்குத்தான் வம்பு. கடையில் இருந்த எந்தச் சிவப்பும் அந்தச் சிவப்பு இல்லை. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. என் முகூர்த்தப் புடவையை எடுத்துவந்தபோது நைனா, "நம்ம வண்டி கலர்லயே எட்த்தேன் பாரும்மா" என்று சொன்னார். பீரோவிலிருந்து அந்தப் புடவையை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனேன். கடைக்காரன் முதலில் சிரித்தான், பிறகு புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு, கலக்கி, தடவிப் பார்த்து, மறுபடி கலக்கி, கடைசியில் கொண்டுவந்துவிட்டான், அசல் அரக்குச் சிவப்பு. காஞ்சிபுரத்துக்காரனாயிற்றே, நிறம் தெரியாமல் போகுமா. புடவையைத் தம்பி வீட்டிலேயே வைத்துவிட்டு, நானே பிரஷ் பிடித்துப் பூசினேன்.

என்ஜின் கிளம்பிய அன்று ஊரே வந்து பார்த்தது. அந்தச் சூட்டோடு சூடாக ஏழுமலை ஒரு வேலை செய்தான். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கட்டிய கயிறு. கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் குற்றம் என்பது எங்கள் ஊர்க் கட்டு. பூங்கரகம் எடுக்கிறவன் என்பதால் இவனுக்குக் காப்பு உண்டு. இவன் போதாதென்று பூசாரியைக் கூட்டிவந்து வண்டி ஸ்டியரிங்குக்கும் காப்புக் கட்ட வைத்துவிட்டான். "காப்புக் கட்டின வண்டிய எவனும் மாத்த முடியாதுக்கா, தர்மகர்த்தா தலகீழா நின்னாலும் ஆவாது" என்று பெருமை வேறு. நானும் சபாஷ் என்றுதான் சொன்னேன். அதில் என்ன வரப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

திருவிழா அன்று காலையில் வண்டி கிளம்பவில்லை. சுற்றிச் சுற்றித் தோள் கழன்றதுதான் மிச்சம். டீசல் பம்பு மக்கர், உள்ளே ஏதோ இறுகிவிட்டது. அது கையால் பார்க்கிற வேலை இல்லை, காஞ்சிபுரத்தில் பம்பு வேலை பார்க்கிற ரஹீம் பாயிடம்தான் போக வேண்டும். வண்டியைக் கட்டி இழுத்துப் போகலாம் என்றால் வண்டி காப்புக் கட்டியிருக்கிறது. இவனும் காப்புக் கட்டியிருக்கிறான். ஏழுமலை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் ஸ்பேனரை எடுத்துப் பம்பைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"அக்கா, இன்னா பண்ற? எல்ல தாண்டக் கூடாதுக்கா!"

"காப்பு ஸ்டியரிங்குக்குத்தாண்டா. பம்புக்கு இல்ல."

"வண்டியோட உசுரே அதான்கா."

"உசுர இட்டுக்கினு போயி உசுரோட இட்டுக்கினு வரேன். நீ போய்க் கரகம் ஜோடிக்கிற வேலயப் பாரு."

பம்பு இருந்த ஓட்டையில் பழைய புடவைத் துணியைச் சுருட்டி அடைத்தேன், தூசி போகாமலிருக்க. பின் டயருக்கு முட்டாக இரண்டு செங்கல்லை உதைத்துச் சரிசெய்தேன், ஹேண்ட் பிரேக்கை மட்டும் எங்களால் சரிசெய்ய முடியவில்லை, அதற்குச் சாமான் கிடைக்கவில்லை. பம்பை ஒயர் கூடையில் வைத்து ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எல்லைக்கல்லைத் தாண்டும்போது ஏதாவது தோன்றியதா என்று கேட்பீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பாய் கடை பூட்டியிருந்தது. மாடியில்தான் வீடு, கீழேயிருந்து கத்தினேன்.

"இன்னாமா மல்லிகா, ஞாயித்துக்கெழமகூட உட மாட்டியா?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பாய், இன்னிக்கு இது ஓடலன்னா எங்க பொறந்த வூட்டு மானம் போயிரும் பாய்."

அவ்வளவுதான், இறங்கி வந்து ஷட்டரைத் தூக்கினார். பிரித்து, கழுவி, இறுகியதை எடுத்து, மாட்டி, ஓட விட்டுப் பார்த்துக் கையில் கொடுக்கும்போது மதியம் தாண்டிவிட்டது. சாப்பிட்டுப் போ என்றார், நான் எங்கே நிற்கப் போகிறேன்.

இனிமேல்தான் விஷயம். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊரை நெருங்குகிறேன், ஆடி வெயில் இன்னும் இறங்கவில்லை, சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை, எல்லோரும் கோயிலில் கூழ் குடிக்கிறார்கள், பம்பை மேளச் சத்தம் இங்கேவரை கேட்கிறது. எல்லைக்கல் பக்கத்தில், வேப்பமர நிழலில், எங்கள் சிவப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். இந்தப் பயல் பொறுமையில்லாமல் ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பிவிட்டான் என்று நினைத்தேன். "டேய் ஏழுமலை!" என்று கத்திக்கொண்டே ஸ்கூட்டியை நிறுத்தினேன். யாரும் இல்லை. முன் சக்கரம் எல்லைக்கல்லுக்கு ஒரு முழம் உள்ளேயே நின்றிருந்தது. கொட்டாயிலிருந்து ரோட்டுக்கு வர ஆற்றங்கரை மேட்டில் ஏற வேண்டும், அந்த இரும்பை மேட்டில் தள்ளி ஏற்ற வேண்டுமென்றால் ஊரில் பாதிப்பேர் வேண்டும். மேட்டில் புழுதியைப் பார்த்தேன், டயர் தடம் மட்டும் புதிதாக இருந்தது. தள்ளியவர்களின் கால் தடம் ஒன்றுகூட இல்லை. பம்பு இருந்த ஓட்டையில் நான் அடைத்த துணி நான் அடைத்தபடியே இருந்தது. பம்பு என் கூடையில் இருக்கிறது. பம்பு இல்லாமல் சொட்டு டீசல்கூட என்ஜினுக்குள் போகாது, இது வண்டி தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. நிழலில் நிற்கிற வண்டி ஏன் சுடுகிறது? சரி, வரும்போது வெயில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முந்தானையைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று ஆவி அடித்தது, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இதோ, மணிக்கட்டில் இந்தத் தழும்பு, அப்போது பட்டதுதான். தொட்டுப் பாருங்கள், கதை என்றால் தழும்பு எங்கிருந்து வரும்?

கையை உதறிக்கொண்டு பின்பக்கம் போனேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

பின் டயருக்கு முட்டுக் கொடுத்திருந்தது. செங்கல் இல்லை. தலையில் சிவப்புப் பூசிய குழவிக்கல்.

அந்தக் கல் மண்ணுக்கு மேலேயே கிடையாது. நைனா இறந்த வருடம் நாங்கள் பாழுங்கிணற்றைத் தூர்த்தபோது கொட்டாயிலிருந்த கல், மண் எல்லாவற்றோடும் ஜே.சி.பி. அதையும் தள்ளிவிட்டது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதற்குமேல் லாரி லாரியாக மண் கொட்டி மூடிவிட்டோம். இப்போது அந்த இடத்தில் கத்தரிச் செடி வைத்திருக்கிறான் தம்பி. நான் குனிந்து தொட்டேன். மழை பார்த்து எத்தனையோ நாளான அந்த மதியத்தில், கல் ஈரமாக இருந்தது. அடியில் களிமண் ஒட்டியிருந்தது.

நான் அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். பயத்தில் அழவில்லை, எப்படிச் சொல்வது, பஸ்ஸை விட்டு இறங்கும்போது வண்டி நிற்பதைப் பார்த்தால் வருமே ஒரு நிம்மதி, அது வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்தது.

போன் அடித்தால் ஏழுமலைக்கு மேளத்தில் கேட்கவில்லை, ஒரு வழியாக எடுத்து ஓடி வந்தான். மஞ்சள் வேட்டி, கையில் ஸ்பேனர் பை. வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "யாருக்கா இட்டாந்தாங்க?" என்றான். கல்லைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "காப்புக் கட்டின வண்டிக்கா. உசுரு எல்ல தாண்டிச்சில்ல, அதான் அம்மா இட்டாந்து நிறுத்திக்கீறா" என்றான். அம்மனுக்குக் குழவிக்கல் எதற்கு?

அங்கேயே வைத்துப் பம்பை மாட்டினோம். பம்பிலும் என்ஜினிலும் இருக்கிற குறியை ஒன்றாகச் சேர்த்து, டீசல் குழாயிலிருந்த காற்றை எடுத்துவிட்டு, ஹேண்டிலைச் செருகினேன். ஒரே சுற்று. டபடபடபவென்று பிடித்துக்கொண்டது. என்ஜின் சூடாக இருந்ததால் பிடித்தது. குளிர்ந்த வண்டி என்றால் சாயங்காலம் வரை சுற்றியிருக்க வேண்டும், விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருக்கும், முறையும் போயிருக்கும்.

கோயில் வாசலில் நீல டிராக்டர் சீரியல் பல்பெல்லாம் போட்டுத் தயாராக நின்றது. எங்கள் சத்தம் கேட்டு ஊரே திரும்பிப் பார்த்தது. தம்பி கரகம் எடுக்கப் போக வேண்டும், ஓட்ட வருவதாகச் சொன்ன அவன் கூட்டாளி, வண்டி வராது என்று நினைத்து நன்றாகக் கள்ளு குடித்துவிட்டுப் படுத்திருந்தான். நான்தான் ஓட்டுவது என்று சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். தர்மகர்த்தா வந்தார்.

"இன்னாமா, நீயா ஓட்டப்போற? பொம்பள, அதுவும் கட்டிக் குட்த்த பொண்ணு..."

"மேல ஒக்காரப்போறது யாரு மாமா, ஆம்பளயா?"

பெண்கள் பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது பாருங்கள், அவர் மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. பூசாரி உடனே சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். தம்பி பெண்டாட்டி ஓடி வந்து, "அண்ணி, கிரீஸ் புடவையோடவா? நிறம் பாக்க எடுத்தாந்தீங்களே, முகூர்த்தப் புடவை, வூட்லதான் கீது" என்று இழுத்துப் போய்க் கட்டிவிட்டாள். படத்தில் பாருங்கள், வண்டி எங்கே முடிகிறது, புடவை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. படம் எடுத்தது என் வீட்டுக்காரர், என் கையைப் பார்த்து முகம் சுளித்தாரே, அவர்தான். தெருத் தெருவாகக் கற்பூரம் ஏற்றினார்கள், பானெட்டுக்குக் குங்குமம் வைத்தார்கள், ஒரு இடத்தில்கூட வண்டி திக்கவில்லை. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. முறை இப்போதும் எங்கள் வீட்டுடையதுதான், ஓட்டுவதும் நான்தான், எவனும் வாய் திறப்பதில்லை.

ரஹீம் பாய் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார். என் வீட்டுக்காரர் பையன்கள் தள்ளியிருப்பார்கள் என்கிறார். கொதித்த தண்ணீருக்கு என்ன சொல்கிறார் என்று கேட்டால் பேப்பரை எடுத்துக்கொள்கிறார். நானும் எதையும் முடிவாகச் சொல்லமாட்டேன், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும். அந்த ஆடி முடிந்ததும் ஹேண்ட் பிரேக்குக்குச் சாமான் தேடிப்பிடித்துப் புதிதாக மாட்டிவிட்டோம், இப்போது கல்லு மாதிரி பிடிக்கிறது, முட்டே தேவையில்லை. குழவிக்கல்லைக் கழுவி, பூஜை அலமாரிக்குக் கீழே தம்பி வைத்திருக்கிறான். இந்த ஆடியிலும் உலா முடிந்து நான்தான் வண்டியைக் கொட்டாயில் விட்டேன், பிரேக்கை இழுத்துவிட்டு, கியரையும் போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். காலையில் போய்ப் பார்த்தால் பின் டயருக்கு அந்தக் குழவி முட்டுக் கொடுத்திருக்கிறது. ஏழுமலையைக் கூப்பிட்டு, "ஏன்டா, பிரேக் மேல நம்பிக்கை இல்லயா?" என்று சத்தம் போட்டேன். அவன் கையில் டீ டம்ளரோடு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீ வெச்சன்னு இல்ல நான் நெனச்சுக்கினு கீறேன்?" என்றான்.